பாடியவர் என்ற கட்டம்

சித்ரலேகா காலை ஏழு மணிக்கே மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். எண்ணெய் தெறிக்காமல் இருக்க ஒரு பழைய துண்டைத் தோளில் போட்டிருந்தாள்.

"யாரு வீட்டு விசேஷம்?" என்று கேட்டார் பாலசுப்பிரமணியன்.

"நம்ம வீட்டு விசேஷந்தான்."

அவர் பேப்பரை மடித்தார். தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். மனைவியின் பதிலையும் மனதுக்குள் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

"மேலப்பாளையத்துக்கா?"

"ம்."

"முப்பது வருஷமா இல்லாத பேரு, சித்ரா. இப்ப எதுக்கு?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "பாடிக் காட்ட முடிஞ்சா நான் யார்கிட்டயும் போயி நிக்க மாட்டேன். பாடிக் காட்ட முடியலையே."

கரகரவென்று, பாதி காற்றாக வந்தது அந்தக் குரல். எட்டு வருஷத்துக்கு முன் கழுத்தில் ஒரு ஆபரேஷன். கட்டி போனது. குரலும் அதோடு போனது. அதற்கு முன் அவள் பாடியவற்றில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது பன்னிரண்டு தாலாட்டுகள். இருபது வயதில், மேலப்பாளையம் அசன் முகம்மதின் மைக் செட் கடைப் பின்னறையில், ஒரே மத்தியானத்தில் பாடியவை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வண்ணார்பேட்டை மண்டபத்து வளைகாப்பில் அசன் கடை ஒலிபெருக்கி பாடியது. அவள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். மேடைக்குப் பக்கத்தில் இருந்த பெரிய திரையில் பாட்டின் பெயர் ஓடியது. அதற்குக் கீழே இப்படி இருந்தது:

பாடியவர்: சிவசண்முகம் பாத்திர மாளிகை, டவுன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனாரிடம், "அது நான் பாடினது" என்று சொன்னாள். நாத்தனார் திரையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் ஒரு வாரமாக அந்த வீட்டுக்குள் சுற்றி வந்துகொண்டிருந்தது.

சுப்ரஜா தலையைப் பின்னிக்கொண்டே வெளியே வந்தாள். "அம்மா, கெளம்புவோமா? நாலு மணிக்கு மெட்ராஸ்காரங்க வந்துருவாங்க."

நாலு மணிதான் கெடு. 'தென்குரல் ஒலிக்காப்பகம்' என்ற அறக்கட்டளை, ஊர் ஊராகப் போய்ப் பழைய ஒலிப்பதிவுகளைச் சேகரித்து வந்தது. அசன் முகம்மதின் முப்பத்தெட்டு கேசட்டுகளும், அதாவது நானூற்றுப் பன்னிரண்டு பாட்டுகளும், இன்றைக்கு அவர்கள் கைக்குப் போகின்றன. சுப்ரஜா வியாழக்கிழமையே போன் செய்து கேட்டிருந்தாள். கோப்பில் என்ன பெயர் இருக்கிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்வோம், எங்கள் பக்கம் வந்த பிறகு திருத்தமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"போயிட்டு வாங்க" என்றார் பாலசுப்பிரமணியன். "ஆனா ஒண்ணு. அங்க யார் என்ன கேட்டாலும்..."

"என்னப்பா?"

அவர் எதையோ சொல்ல வந்து பேப்பரைத் திரும்ப விரித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல. ரயில்வே கேட் மூடியிருக்கும், பைய போங்க."

கேட் மூடித்தான் இருந்தது. குலவணிகர்புரத்தில் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு அம்மாவும் மகளும் காத்திருந்தார்கள். சுப்ரஜாவுக்குக் காத்திருப்பது பிடிக்கும். அவள் மேசை இழுப்பறையில் எப்போதும் ஏதாவது ஒரு தூரதேசத்து நாவல் இருக்கும். பனி பெய்கிற ஸ்டேஷனில் யாரோ யாருக்காகவோ நின்றுகொண்டிருப்பார்கள். இங்கே பனி இல்லை. கரும்புச்சாறு வண்டியும், ஹாரனை விடாமல் அடிக்கிற ஷேர் ஆட்டோவும் இருந்தன. பின்னால் அம்மா பட்டுச்சேலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சுப்ரஜாவின் வேலையே பெயர் திருத்துவதுதான். பாளையங்கோட்டையில் இ-சேவை மையத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள். ரேஷன் கார்டில் 'முத்தையா' 'முட்டையா' ஆகியிருக்கும். மருமகளின் வயது மாமியாரைவிடக் கூடியிருக்கும். எல்லாவற்றையும் சரி செய்து அனுப்புவாள். தன் அம்மாவின் பெயருக்கு இப்படி அலைய வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ரயில் போனது. கேட் திறந்தது.

*

அசன் முகம்மது கடை வாசலில் இருந்தார். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட கைலி, தோளில் வயர்ச் சுருள்.

"வாங்க தங்கச்சி. வா மவளே. டீ சொல்லட்டுமா?"

"முதல்ல கம்ப்யூட்டரைக் காட்டுங்க மாமா."

கம்ப்யூட்டரைப் பார்த்ததும் சுப்ரஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையின் நெற்றியில் சிவப்பு பெயின்ட்டில் 'உபயம்: சிவசண்முகம் பாத்திர மாளிகை' என்று எழுதியிருந்தது. கோயில் டியூப்லைட்டில் எழுதுவார்களே, அதே எழுத்து, அதே வளைவு. கீழே இருந்த பெட்டியிலும் அதுதான். சுவரில் ஓடிய மின்விசிறியின் வயிற்றிலும் அதுதான்.

"மவுஸ்ல மட்டுந்தான் எழுதல" என்றார் அசன். "எடம் பத்தலன்னு பெயின்டர் சொல்லிட்டான்."

கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று அசன் ஆசைப்பட்டபோது, அதற்கான எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தவர் சிவசண்முகம். கொடுத்தவர் பெயர் பொருளில் இருக்க வேண்டும், பாட்டிலும் இருக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சுப்ரஜா பாட்டு நூலகத்தைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றிலும் பாட்டின் பெயர் சரியாக இருந்தது. 'பாடியவர்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர், பாத்திர மாளிகை.

"ஏன் மாமா, பாடுனவங்க பேரு வர்ற எடத்துல இதைப் போட்டீங்க?"

அசன் வயரை முழங்கையில் சுற்ற ஆரம்பித்தார். "வேற எங்க போடன்னு தெரியலம்மா." கண் வயரிலேயே இருந்தது. சித்ரலேகா அதைக் கவனித்தாள்.

சுப்ரஜா முதல் தாலாட்டின் விவரத்தைத் திறந்து கட்டத்தைத் தொட்டாள். எழுத்துகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. தட்டியும் எதுவும் நகரவில்லை. 'மாற்றக் கூடாது' என்ற குறியை எடுத்துப் பார்த்தாள். ஒரு சின்னப் பலகை வந்தது: இந்தக் கோப்பை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை.

வேறு மென்பொருளில் திறந்தாள். அதே பலகை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அதே பலகை, அதே மரியாதை.

"எங்கிட்டயும் இப்படித்தான் சொல்லும்" என்றார் அசன். "பாட்டு போடலாம், நிறுத்தலாம். மத்தபடி தொடக் கூடாது. பாஸ்வேர்டு பாத்திரக்கடை அண்ணாச்சி கையில."

மணி பதினொன்று.

"டவுனுக்குப் போவோம்" என்றாள் சித்ரலேகா.

*

கருப்பந்துறைப் பாலத்தில் போகும்போது ஆறு நிறையத் தண்ணீர். பாபநாசம் அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். மருத மரத்தின் கீழ்க் கிளைகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. சித்ரலேகா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி மகளின் காதருகே சொன்னாள்.

"அண்ணாச்சிகிட்ட சத்தம் போடாத. பேரு மேல ஆசை உள்ள மனுசன். கெட்டவர் இல்ல."

"நான் சத்தம் போடல. நீ பேசு."

"என் சத்தம் ஸ்கூட்டியைத் தாண்டியே கேக்காது."

ரதவீதியில் பாத்திர மாளிகைக்குள் நுழைந்தபோது சிவசண்முகம் ஒரு பித்தளைக் குடத்தை மடியில் வைத்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த சின்ன மெஷின் கொசு மாதிரி ரீங்காரம் போட்டது. பெயர் வெட்டுவதற்கு ஆள் போடமாட்டார். எழுத்து தன் கையால் விழ வேண்டும் அவருக்கு.

விஷயத்தைக் கேட்டதும் மெஷினை அணைத்தார்.

"அப்ப என் பேரை எடுக்கணும்னு வந்திருக்கீங்க."

"எடுக்க இல்ல அண்ணாச்சி..."

"பின்ன? மெஷின் நான் கொடுத்தேன். பொட்டி நான் கொடுத்தேன். அசன் பாய் என்ன, சும்மாவா என் பேரைப் போட்டாரு? அந்த எடத்துல வேற பேரு வந்தா அது எடுக்கிறதில்லாம என்னம்மா?"

சுப்ரஜா தன் போனை நீட்டினாள். வளைகாப்பில் எடுத்த படம். சிவசண்முகம் கண்ணாடியை மேலே ஏற்றிப் படித்தார்.

"'பாடியவர்'..." நிறுத்தினார். "இது என்ன 'பாடியவர்'னு இருக்கு? 'உபயம்'னுல்லா இருக்கணும்?"

"அந்தக் கட்டத்துக்குப் பேரே அதான் அண்ணாச்சி. அதுல யாரு பேரைப் போட்டாலும் அவங்கதான் பாடுனதா காட்டும்."

"எல்லாப் பாட்டுலயுமா?"

"நானூத்திப் பன்னெண்டுலயும்."

சிவசண்முகம் குடத்தைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக விளங்கியது, நெடுநாளாகப் புரியாமல் கிடந்த ஒன்று.

"அதான் சங்கதியா?" என்றார். "ரெண்டு வருஷமா இந்தத் தெருக்காரப் பயலுவ என்னைப் பாத்தா 'தாலாட்டு அண்ணாச்சி, தாலாட்டு அண்ணாச்சி'ங்கான். வியாபாரிகள் சங்கக் கூட்டத்துல மைக்கை நீட்டி, 'அண்ணாச்சி ஒரு ஆராரோ பாடுங்க'ன்னான் ஒருத்தன். நான் வயசானவன்னு பகடி பண்ணுதானுவன்னுல்லா நெனச்சேன்!"

சுப்ரஜா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சித்ரலேகாவால் முடியவில்லை. காற்று மட்டும் வருகிற சிரிப்பு அவளுக்கு. தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்கம்மா. உடனே மாத்துங்க. இந்த நிமிசமே மாத்துங்க!"

"பாஸ்வேர்டு சொல்லுங்க அண்ணாச்சி."

"அது கணேஷ்ராமுக்குல்லா தெரியும்."

கணேஷ்ராம் அவருடைய அக்கா மகன். கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தவன். இப்போது எங்கோ நடுக்கடலில் ஒரு கப்பலில் வேலை. சிவசண்முகம் நாலு முறை போன் போட்டார். நாலு முறையும் ஒரு பெண் இங்கிலீஷில் வருத்தம் தெரிவித்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றார் அவர், குரல் தணிந்து. "'லே, என் பேரு குடத்துல வெட்டுன மாதிரி இருக்கணும், எவனும் அழிக்கக் கூடாது'ன்னு. வெட்டிட்டுப் போயிட்டான் பய."

வெளியே ஒரு பஸ் சிணுங்கிக்கொண்டு போனது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

சித்ரலேகா கீழே இருந்த பித்தளைக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி பெயர் வெட்டப்பட்டிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு எழுத்து தப்பா விழுந்துட்டா என்ன செய்வீங்க?"

"எனக்கு விழாது."

"விழுந்துட்டா?"

"என்ன செய்ய? வெட்டுனதை அழிக்க முடியாதும்மா. தேச்சா குழி விழும், பாத்தாலே தெரியும். அந்தக் குடத்தை உள்ள வெச்சுட்டு, அதே மாதிரி புதுக் குடம் ஒண்ணு எடுத்து, சரியா வெட்டிக் கொடுக்க வேண்டியதுதான்."

சுப்ரஜா விருட்டென்று எழுந்தாள். பின்னால் அடுக்கியிருந்த டபராக்களில் ஒன்று உருண்டது.

"புதுக் குடம்!"

"எந்தக் குடம்மா வேணும்?"

"இல்ல அண்ணாச்சி. பூட்டு அந்தக் கோப்புலதான். பாட்டைக் கேக்கத் தடையில்ல, அப்ப நகல் எடுக்கவும் தடையிருக்காது. வேற ஒரு டிஸ்க்ல எல்லாத்தையும் நகல் எடுத்தா, அந்த நகலுக்குப் பூட்டு வராது. அது எடுத்தவங்க சொத்து. அதுல நாம எழுதிக்கலாம். மெட்ராஸ்காரங்களுக்கு அதைக் கொடுப்போம். பழசு உள்ள கெடக்கட்டும்!"

காலையிலிருந்து அவள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இ-சேவை மையத்தில், திருத்த முடியாத கார்டை விட்டுவிட்டுப் புதுக் கார்டுக்கு எழுதிப் போடுகிறவள் அவள்தான்.

சிவசண்முகம் தாடையைத் தடவினார். "எல்லாம் சரி. என் பேரு?"

"உங்களுக்குன்னு தனிக் கட்டம் இருக்கு அண்ணாச்சி. 'குறிப்பு'ன்னு."

"குறிப்பா? சின்ன எடமா இருக்குமே."

"பாடியவர் கட்டத்தைவிடப் பெருசு. எத்தனை வரி வேணும்னாலும் எழுதலாம்."

"உபயம்னு போடலாமா?"

"போடலாம்."

"போன் நம்பர்?"

"போடலாம்."

"ஞாயிறு விடுமுறை?"

"அதையும் போடுதேன்."

"அப்ப பாட்டை அவங்கவங்களே வெச்சுக்கிடட்டும்" என்றார் சிவசண்முகம், பெரிய மனதோடு. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு புது டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் மெஷினைப் போட்டு, அதன் அலுமினிய முதுகில் அழகாக ஒரு வரி வெட்டினார். என்ன வரி என்று சொல்ல வேண்டியதில்லை.

*

நகல் எடுக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. அசன் லுஹர் என்ற மதியத் தொழுகையை முடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

சுப்ரஜா புது டிஸ்க்கைத் தன் மடிக்கணினியில் செருகினாள். முதல் பாட்டைத் திறந்தாள். பழைய குறி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை எடுத்தாள். இந்த முறை எந்தப் பலகையும் வரவில்லை. கட்டத்தில் இருந்த சாம்பல் எழுத்துகள் கறுப்பாகின. அவள் விரலை அழுத்தினாள். பாத்திர மாளிகை கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது.

"போயிருச்சு!" என்று கத்தினாள். எதிர்க் கடைக் கசாப்புக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நானூற்றுப் பன்னிரண்டையும் ஒன்றாகப் பிடித்து, உபயத்தைக் குறிப்புக் கட்டத்துக்கு மாற்றினாள். பாடியவர் கட்டங்கள் எல்லாம் வெறுமையாகின. அசன் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். முப்பத்தெட்டு கேசட்டுகளின் அட்டைகளும் அதற்குள் இருந்தன.

சித்ரலேகா அட்டையைப் பார்த்துப் படிப்பாள். அவள் குரல் எட்டாததால் அசன் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். சுப்ரஜா தட்டுவாள்.

"உவரி மாதா கோயில் பாட்டு. யூனிஸ், சாலோமி."

"யூனிஸ், சாலோமி!" என்றார் அசன். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும். கருவாட்டுக் கூடையோட வந்தாளுவ. பாடி முடிச்சுட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போயிட்டாளுவ."

"உடன்குடி, பனை ஏறுறவங்க பாட்டு. அருமைநாயகம்."

"அருமைநாயகம்! அந்த ஆளு மைக் முன்னால உக்கார மாட்டேன்னுட்டாரு. மேல பாத்துத்தான் பாட்டு வருமாம். மைக்கை உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டேன்."

"நாகூர் பாட்டு. மும்தாஜ் பேகம்."

அசன் இதை உரக்கச் சொல்லவில்லை. "நம்ம வீட்டுக்காரி" என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷமா இவளையும் பாத்திரக்கடைன்னுல்லா போட்டு வெச்சிருக்கேன். வீட்டுல தெரிஞ்சா இன்னைக்குச் சோறு கெடையாது."

பெயர்கள் ஒவ்வொன்றாக வெற்றுக் கட்டங்களுக்குள் போய் உட்கார்ந்தன. இருட்டான தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போடுவதுபோல் இருந்தது சுப்ரஜாவுக்கு.

மூன்றேகால் மணிக்கு டின்னில் ஒரே ஒரு அட்டை மிச்சம். இளநீல அட்டை. 'பன்னிரண்டு தாலாட்டு'. பாடியவர் என்ற இடத்தில் 'ஒரு சகோதரி' என்று அச்சாகியிருந்தது.

அசன் தொப்பியைச் சரி செய்தார். "தங்கச்சி. நான் காலையில பொய் சொன்னேன்."

"தெரியும் அண்ணே."

"வேற எடம் தெரியாம இல்ல. பாட்டு பதிவு பண்ணுன அன்னைக்கு ராத்திரியே ஒங்க அப்பா திருஞானசம்பந்தம் பிள்ளை வந்தாங்க. 'கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு, பாய். அவ பேரை நீங்க எங்கயும் எழுதக் கூடாது. சத்தியம் பண்ணுங்க'ன்னாங்க. அல்லா மேல ஆணையா எழுத மாட்டேன்னு சொன்னேன். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது அந்த ஒரு கேசட்டுல மட்டும் 'ஒரு சகோதரி'ன்னு கெடந்தா, யாரு யாருன்னு கேப்பாங்க. அதான் அண்ணாச்சி பேரை எல்லாத்துலயும் போட்டேன். எல்லாம் ஒண்ணு மாதிரி இருந்தா ஒண்ணு தனியாத் தெரியாதுல்லா."

ஒரு பெயரை ஒளிக்க நானூறு பாட்டுகளைப் பாடியவர்களின் பெயரை மூடியிருக்கிறார். சுப்ரஜாவுக்குக் கோபம் வந்தது. அம்மாவைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. சித்ரலேகா அந்த நீல அட்டையைச் சேலையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா போயி பதினாறு வருஷம் ஆச்சு அண்ணே."

"சத்தியம் போகலையே தங்கச்சி. எழுத மாட்டேன்னு சொன்னவன் எழுதக் கூடாது."

"நீங்க எழுத வேண்டாம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். பட்டுச்சேலை சரசரத்தது.

"அப்பா உங்ககிட்டதானே சத்தியம் வாங்குனாங்க. எங்கிட்ட வாங்கலையே."

அசன் முகம்மது ஒரு கணம் திகைத்தார். பிறகு தாடிக்குள் ஒரு சிரிப்பு பரவியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "நான் பாக்கவும் இல்ல. நீங்க பாட்டுக்கு எழுதுங்க."

"பன்னெண்டையும் ஒண்ணாப் பிடிச்சுத் தாரேன்மா, ஒரு தடவை அடிச்சாப் போதும்" என்றாள் சுப்ரஜா.

"வேண்டாம். பன்னெண்டு தடவை எழுதுதேன்."

"இனிஷியல் என்ன போடணும்?" கேட்ட பிறகுதான் சுப்ரஜாவுக்கு உறைத்தது. மையத்துப் பழக்கம். கல்யாணத்துக்கு முன் தி, பின் பா. பாதிப் பெண்களின் திருத்தம் அந்த ஒரு எழுத்தில்தான்.

"இனிஷியல் வேண்டாம். பாடினது நான் மட்டுந்தான்."

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். சி. த். ர. லே. கா. முதல் பாட்டில் ஒரு நிமிஷம் ஆனது. நாலாவதில் விரல் வழியைக் கண்டுகொண்டது. பன்னிரண்டாவதை முடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏழாவதுல ஒரு கால் விட்டுப்போயிருக்கு" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

பாலசுப்பிரமணியன் நின்றுகொண்டிருந்தார். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

"'சித்ரலேக'ன்னு இருக்கு பாரு. நீட்டணும்."

சித்ரலேகா குனிந்து பார்த்தாள். உண்மைதான். அந்தக் காலைச் சேர்த்தாள். அவர் இன்னும் நெருங்கி வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து படித்தார்.

"சரியா இருக்கு" என்றார். தாலுகா ஆபீஸில் அதைச் சொன்ன பிறகு யாரும் திருத்தமாட்டார்கள். "சாப்பிட்டீங்களா? யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. எலுமிச்சை சாதந்தான். நானே கிண்டினேன், உப்பு பாத்துக்கோங்க."

*

நாலு மணிக்கு வந்தவள் ஸ்வீட்லின் என்ற பெண். முப்பது வயதுக்குள் இருப்பாள். காதில் பெரிய ஹெட்போன். அசனிடம் கையெழுத்து வாங்கினாள். டிஸ்க்கின் முதுகில் வெட்டியிருந்த வரியைப் படித்துச் சிரித்தாள். கோப்புகளை ஓடவிட்டாள்.

"நான் இதுவரைக்கும் எடுத்ததுல பேரெல்லாம் இவ்வளவு சுத்தமா இருந்த தொகுப்பு இதுதான் சார்."

"மவ திருத்தினா" என்றார் பாலசுப்பிரமணியன். பிறகு, குரலைச் செருமிக்கொண்டு: "பாடினது இவங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளி ஆளிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. சித்ரலேகா எலுமிச்சை சாதத்தைப் பிசைந்தபடியே தலையைக் குனிந்துகொண்டாள். காதோரம் சிவந்திருந்தது.

"ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா மேடம்?"

அசன் எழுந்துபோய் வயரைப் பெரிய ஆம்ப்ளிஃபயரில் செருகினார். கோயில் கொடைக்கும் தர்கா கந்தூரிக்கும் வைக்கிற இரண்டு குழாய்கள் கடை வாசலில் இருந்தன. இருபது வயதுச் சித்ரலேகா மேலப்பாளையம் பஜார் முழுக்கக் கேட்கும்படி பாட ஆரம்பித்தாள். கசாப்புக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். சுப்ரஜா போனில் திரையைப் படமெடுத்து, வளைகாப்பில் சிரித்த அத்தையின் எண்ணுக்கு ஒரு வார்த்தைகூட எழுதாமல் அனுப்பினாள். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை. வரவே வேண்டாம்.

பாட்டு பாதியில் இருக்கும்போது ஸ்வீட்லின் ஹெட்போனைக் கழற்றினாள். நெற்றி சுருங்கியிருந்தது.

"மேடம், மொத்தம் பன்னெண்டுதான் பாடினீங்களா?"

"ஆமா."

"இல்லையே. இந்தக் குரல் எங்ககிட்ட இன்னொண்ணுல இருக்கு. போன மாசம் பாபநாசத்துல ஒரு வீட்டைக் காலி பண்ணும்போது கெடைச்ச கேசட். ரெண்டு பேர் பாடுறாங்க. நீங்களும் ஒரு ஆம்பளையும். அவர் யாருன்னு தெரியாம அப்படியே வெச்சிருக்கோம்."

அசன் முகம்மதுக்குத் திடீரென்று ஒரு வயர் தேட வேண்டியிருந்தது. மேசைக்கு அடியில் குனிந்துவிட்டார்.

சுப்ரஜா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அதுவரை பாட்டோடு முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, டிபன் கேரியரின் மூடியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

ஸ்வீட்லின் தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். பாட்டின் பெயர் இருந்தது. அதன் கீழே 'பாடியவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. யாராவது எழுதட்டும் என்று அதற்குள் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது.